ஷிப் டொமைன்: ‘விலகுவெளி’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஒரு கப்பல் தன்னைச் சுற்றி மற்றக் கப்பல்கள் வராமல் காத்துக்கொள்ள விரும்பும் இடத்தை ஆங்கிலத்தில் ‘ஷிப் டொமைன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘கப்பல் ஆட்களம்’ என்றே வைத்துவிடலாம். இணையத்தில் டொமைனுக்குக் களம் என்றுதானே சொல்கிறோம்?

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இணையக் களம் ஒருவர் காசு கட்டி வாங்கி வைத்திருப்பது. கப்பலைச் சுற்றியுள்ள நீர் யாருக்கும் சொந்தமில்லை, இதற்குள் இன்னொரு கப்பல் வராமல் இருந்தால் நல்லது என்று மாலுமி மனதில் வைத்து ஓட்டும் இடம், அவ்வளவுதான். அதனால் ‘விலகுவெளி’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை, வாயில் நிற்கும்.

இன்னொரு யோசனையான ‘பாதுகாப்பு வளையம்’ எளிமையான சொல்தான், ஆனால் வளையம் என்றதும் வட்டம் நினைவுக்கு வந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஆய்வாளர் ஃபூஜி இந்த இடத்துக்கு வரைந்ததே நீள்வட்டம், நீள அச்சு கப்பலின் நீளத்தைப் போல எட்டு மடங்கு. 1975இல் குட்வின் என்ற ஆய்வாளர் அந்த இடத்தை மூன்று துண்டாகப் பிரித்தார், வலப்பக்கத் துண்டு பெரியது, பின்பக்கத் துண்டு சின்னது. 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கப்பல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கப்பலுக்கு நாம்தான் வழிவிட வேண்டும், அதனால் அந்தப் பக்கம் கூடுதல் இடம் வைப்பது இயல்பே.

கணினி ஒப்புருவாக்கத்தில் (சிமுலேஷன்) இந்தச் சொல் ஓயாமல் தேவைப்படும். நிஜ மோதல்கள் அரிது, அவற்றை மட்டும் எண்ணி ஒரு கடல்வழி ஆபத்தானதா என்று சொல்ல முடியாது. அதனால் ஆயிரக்கணக்கான கப்பல்களைக் கணினிக்குள் ஓட்டவிட்டு, ஒன்றின் விலகுவெளிக்குள் இன்னொன்று எத்தனை முறை நுழைகிறது என்று எண்ணுகிறார்கள், அப்புறம் வழித்தடத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி ஓட்டி, எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த நுழைவை ‘விலகுவெளி மீறல்’ என்றால் விளக்கமே வேண்டாம். ‘ஆட்கள மீறல்’ என்றால் ஏதோ எல்லைத் தகராறு போலக் கேட்கிறது.

கடலூர்க்காரனாக எனக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. ஃபூஜியின் கணக்கை நம் முப்பதடி ஃபைபர் படகுக்குப் போட்டால் 240 அடிதான் வரும். ஆனால் இரவில் செவுள்வலை விட்டுக் கிடக்கும் படகிலிருந்து வலை கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருக்கும், அதன் கடைசியில் மூங்கில் கழியில் ஒரு கொடியும் மினுக்கும் சின்ன விளக்கும் கட்டிய மிதவை. கப்பல் படகை விட்டுத் தள்ளிப் போனாலும் வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அந்தத் திசையில் ஒரு வெள்ளை விளக்குக் காட்ட வேண்டும் என்று அதே விதிகளே சொல்கின்றன, ஆக வலையும் சேர்ந்ததுதான் படகு. படகின் விலகுவெளியை வலையோடு சேர்த்துத்தான் வரைய வேண்டும், வரையறை எழுதும்போது இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அதோடு, ஒப்புருவாக்கத்துக்குக் கப்பல்களின் நகர்வு பெரும்பாலும் ஏஐஎஸ் கருவித் தரவிலிருந்துதான் வருகிறது, கப்பல் தன் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் வானொலி வழியே தானாகச் சொல்லிக்கொண்டே போகும் கருவி அது. பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்களில் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு அது கட்டாயம். எங்கள் கடலூர்ப் பக்கத்துத் தாழங்குடாவிலிருந்தோ சோனங்குப்பத்திலிருந்தோ கிளம்பும் சின்னப் படகுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. படகுகளைத் தனியாகச் சேர்க்காமல் ஓட்டினால் ஆளே இல்லாத கடலைத்தான் கணினி காட்டும். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பம் அருகே கப்பல் மோதி இறந்த மீனவர்களில் பலர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவர், அவர்கள் போன்றவர்களை விட்டுவிட்டுப் போடும் பாதுகாப்புக் கணக்கு எனக்குக் கணக்காகவே படவில்லை.

புள்ளியியலின் திட்ட விலகல், இயற்பியலின் ஒளிவிலகல் இவற்றோடு ‘விலகுவெளி’ குழம்பாதா என்றும் கேட்டிருந்தீர்கள். குழம்பாது, அங்கே ‘விலகல்’ தொழிற்பெயர், இங்கே ‘வெளி’தான் தலைச்சொல்.

சரி, கடலூர் முதுநகர் பக்கமோ புதுச்சேரி தேங்காய்த்திட்டுப் பக்கமோ கடலுக்குப் போகிறவர்கள் உறவில் இருந்தால், கப்பலுக்கு விட்டு ஒதுங்கும் தூரத்துக்கு அவர்களிடம் தனிச்சொல் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தால் ‘விலகுவெளி’யை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.