இறைச்சி இல்லாத பாஸ்டிட்சியோ: செய்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

வேலை நிமித்தம் ஏதென்ஸில் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தபோது, வாயில் வைக்காமலேயே நான் நன்கு அறிந்துகொண்ட உணவு பாஸ்டிட்சியோ. அடியில் நீண்ட குழல் மக்கரோனி, நடுவில் தக்காளியும் பட்டையும் சேர்த்து வதக்கிய கொத்துக்கறி, மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் பெஷமெல் என்னும் பால்கூழ் என மூன்று அடுக்காகப் பரப்பி ஓவனில் சுட்டெடுப்பார்கள். அந்தப் பால்கூழ் அடுக்கு மிகப் பழையதன்று. சிஃப்னோஸ் தீவில் பிறந்த நிக்கோலாஸ் செலெமெந்தேஸ் என்ற சமையற்கலைஞர் பிரெஞ்சு முறையைத் தழுவி 20ஆம் நூற்றாண்டில் பரவச் செய்தது.

நான் புலால் உண்பதில்லை என்று கேட்டு வீட்டுக்காரப் பாட்டி வியக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தாங்களும் இறைச்சியை நிறுத்திவிடுவதாகவும், பாலாடைக்கட்டியும் முட்டையும் விலக்கப்படாத அந்த வாரத்தில் மக்கரோனி சமைப்பது வழக்கம் என்றும் சொல்லி, என்னையே செய்து பார்க்கச் சொன்னார். நானும் தோல் நீக்காத மைசூர் பருப்பைச் சாம்பாருக்கு வேகவைப்பதுபோல் குழைய வேகவைத்து நடுவில் பரப்பினேன். சூட்டோடு வெட்டியதும் மூன்று அடுக்கும் மூன்று திசைக்குச் சரிந்தன. பாட்டி ஒரு துண்டைக் கரண்டியால் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நெரோ" என்றார். தண்ணீர் என்று பொருள்.

அடுத்த முறை 250 கிராம் பருப்பை நசுக்கினால் நசுங்கும் பதத்தில் இறக்கி வடிகட்டினேன். ஆலிவ் எண்ணெயில் வெங்காயம், பொடியாக நறுக்கிய காளான், தக்காளி விழுது, ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு ஆகியவற்றை வதக்கிப் பருப்பைச் சேர்த்து, கரண்டியால் இழுத்த தடம் மூடிக்கொள்ளாமல் வாணலியின் அடி தெரியும்வரை வற்றவிட்டேன். கொத்துக்கறி அந்த இடத்தில் செய்த வேலை சுவை கூட்டுவது மட்டுமல்ல, ஈரமில்லாமல் அடுக்கைத் தாங்குவதும்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. 500 கிராம் மக்கரோனியை இரண்டு நிமிடம் முன்னதாகவே வடித்து இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவைப் பிசறினேன். ஒரு லிட்டர் பால், 100 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய் கொண்டு காய்ச்சிய கூழில் ஜாதிக்காயைத் துருவி, இறக்கிய பின் மஞ்சள் கருவைக் கலந்தேன். 180 டிகிரியில் 45 நிமிடம் சுட்டு, ஒரு மணி நேரம் தொடாமல் வைத்தேன். அந்த ஒரு மணி நேரம்தான் கடினம்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. நாங்கள் நிக்கோசியாவில் இருக்கிறோம். சைப்ரஸில் இதை அடுப்பு மக்கரோனி என்றே சொல்வார்கள். ஹலூமி என்னும் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு, உலர்ந்த புதினாவைக் கசக்கித் தூவுவார்கள். பட்டையோடு புதினா சேரும் மணம் எங்கள் வீட்டில் அனைவருக்கும் பிடித்துவிட்டது. நாங்கள் முட்டையும் சேர்ப்பதில்லை என்பதால் மைதாவை 120 கிராமாகக் கூட்டி, கூழைக் கரண்டியிலிருந்து கட்டியாக விழும்வரை காய்ச்சுகிறோம். கத்திரிக்காயை வைத்தும் ஒருமுறை செய்தேன். எண்ணெயைக் குடித்துவிட்டு, கத்திரிக்காயை அடுக்கிச் சுடும் முசாக்காபோல் ஆகிவிட்டது.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதன் மேல் துருவும் கெஃபலோத்திரி போன்ற பாலாடைக்கட்டிகளை மரபு முறையில் உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். பருப்பைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவிட்டு, மேலே அதைத் துருவினால் என்ன பயன்? நுண்ணுயிர் ரென்னட் என்று உறையில் அச்சிட்டிருப்பதை மட்டுமே நான் வாங்குகிறேன். ஹலூமிக்கும் இது பொருந்தும்.

*

முட்டையில்லாமல் செய்தால் ஒரு மணி நேரம் போதாது. நேற்று இரவே சுட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, இன்று காலை வெட்டிச் சூடாக்கினேன். மக்கரோனிக் குழல்களின் துளைகள் வரிசையாகத் தெரியும்படி துண்டுகள் நேராக நின்றன.