தாத்தா வீட்டு மாடியில் மழலையர் பள்ளி

நான்: நம் குடும்பக் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் தாத்தா வீட்டு மாடியில் வரும் ஜூன் மாதம் மழலையர் பள்ளி தொடங்கலாம் என்றிருக்கிறேன். வீடு இன்னும் பாகம் பிரியாததால், நீங்கள் மூவரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும்.

அத்தை: நல்ல காரியம், மீனு. நான் போட்டுத் தருகிறேன்.

சித்தப்பா: மாடியிலா?

பெரியப்பா: மாடியில் நடத்த முடியாது. 2015-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி மழலையர் பள்ளி தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன்: பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்றைக் காட்டினால்தான், 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி வட்டாட்சியர் படிவம் ‘டி’ உரிமம் வழங்குவார், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் சுகாதாரச் சான்றும் தனித்தனியே வாங்கி, எல்லாவற்றையும் கோப்பாகக் கட்டிக் கல்வித் துறைக்குக் கொடுக்க வேண்டும்.

அண்ணன்: இதைப் படித்து முடிப்பதற்குள் ஜூன் வந்துவிடும், பெரியப்பா.

நான்: தெரு முழுவதும் வீடுகளாயிற்றே, அனுமதிப்பார்களா?

பெரியப்பா: குடியிருப்புப் பகுதியில் மழலையர் பள்ளிக்கு இடமுண்டு. ஆனால் வீடு என்று வாங்கிய வரைபட அனுமதி பள்ளிக்குச் செல்லாது. அதைவிட, மாடியில் தம்பி போட்டிருக்கும் கீற்றுக் கொட்டகையைப் பிரிக்காமல் தீயணைப்பு அலுவலரை வாசலுக்குக்கூட அழைக்காதே.

சித்தப்பா: வடாம் காயும்போது காவலுக்கு உட்காரும் கொட்டகை, அண்ணா. யாருக்கு என்ன இடைஞ்சல்?

அத்தை: நீயா கேட்கிறாய், தம்பி? 2004 ஜூலை 16 அன்று நீயும் இந்த ஊரில்தானே இருந்தாய். பள்ளிச் சமையல் கூடத்துக் கீற்றில் பற்றிய தீதான் வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் போனார்கள். அன்றிரவு நம் வீட்டில் யாரும் உலை வைக்கவில்லை.

சித்தப்பா: மறக்கவில்லை, அக்கா. ஆனால் தரைத்தளத்தில் இருப்பவன் நான். நான் காலி செய்ய வேண்டும் என்பதைத்தானே சட்டமாகச் சொல்கிறீர்கள்? பாகப் பேச்சிலும் இப்படித்தான் கிணற்றுப் பக்கத்தை என் தலையில் கட்டப் பார்த்தீர்கள்.

அண்ணன்: அந்தக் கிணற்றுக்கு முதலில் இரும்பு மூடி போட வேண்டும். குழந்தைகள் வரும் இடம்.

நான்: சித்தப்பா, திண்ணையை ஒட்டிய முன் அறைகள் இரண்டும் போதும்.

சித்தப்பா: அவற்றைத் தரலாம், கூடத்தைத் தர மாட்டேன். கொட்டகை வைகாசி வரை இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

அண்ணன்: எந்த ஆண்டு ஜூன் என்று மீனு சொல்லவில்லையே.

பெரியப்பா: அறைகளை நாளைக்கே அளந்து அனுப்பு, மீனு. அடியில் வேண்டாம், மீட்டரில்.

அத்தை: அளக்கும் டேப் தம்பியிடம்தான் இருக்கிறது.