கூரை சோலார் போடும் எங்களுக்கு எந்த சிஆர்எம் சரிப்படும்?

பொள்ளாச்சி சோலார்:
வணக்கம். வீட்டுக் கூரையில் சோலார் போட்டுத் தருகிறோம். பொள்ளாச்சியில் ஆரம்பித்து இப்போது உடுமலை, பல்லடம் வரை போகிறோம். 2024இல் பிஎம் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு போன் ஓயவில்லை. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் கூப்பிடுகிறார்கள். விற்பனைக்கு நாலு பேர், ஆபீசில் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர், அப்புறம் நான். எல்லாம் ஒரு கூகுள் ஷீட்டிலும் அவரவர் வாட்ஸ்அப்பிலும் ஓடுகிறது. சமீபத்தில் ஒரே வீட்டுக்கு எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வேறு வேறு விலை கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் இரண்டு கொட்டேஷனையும் எனக்கே அனுப்பி, "இதுல எதுங்க உங்க கம்பெனி?" என்று கேட்டார். வாடிக்கையாளர் விவரத்தையும் அவரோடு பேசியதையும் ஒரே இடத்தில் வைக்கும் சிஆர்எம் மென்பொருள் ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். ஸோஹோ, ஃப்ரெஷ்சேல்ஸ், ஹப்ஸ்பாட், சேல்ஸ்ஃபோர்ஸ் எல்லாவற்றின் டெமோவும் நன்றாகத்தான் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

ஷீட் பிரியன்:
நாலு பேருக்கு எதற்கு சிஆர்எம்? ஒரே போன் நம்பர் இரண்டு முறை வந்தால் சிவப்பாகக் காட்டும்படி ஷீட்டிலேயே வைக்கலாம். காசு செலவில்லை.

ஈரோடு பேட்டரி கடை:
விற்பனை வரைக்கும் ஷீட் தாங்கும். ஆனால் சோலாரில் பாதி வேலை அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் இருக்கிறது, தம்பி. (வயது தெரியாது, தம்பி என்றே எழுதுகிறேன்.) நானும் இன்வெர்ட்டர், பேட்டரியோடு சோலாரும் செய்கிறவன்.

மானியத்துக்கான அரசு போர்ட்டலில் விண்ணப்பம், பொருத்துவது, நெட் மீட்டர் (நாம் திருப்பித் தரும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்), மானியம் கணக்கில் ஏறுவது என்று அட்வான்சுக்குப் பிறகு வரிசையாக இருக்கிறது. நடுவில் ஈபி பில் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். பெயர் மாற்றும் வரை எல்லாம் நிற்கும். "ஆர்டர் கிடைத்தது" என்றதும் கதையை முடித்துவிடும் மென்பொருள் நமக்கு ஆகாது. விற்பனைக்கு ஒரு பைப்லைன் (ஒவ்வொரு வேலையும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் வரிசை), அதற்குப் பிறகு நடப்பதற்கு இன்னொன்று, இரண்டும் வேண்டும். டெமோ காட்டுகிறவரிடம் அவர் ஸ்லைடை மூடச் சொல்லி, இதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

என் கணக்கில் சேல்ஸ்ஃபோர்ஸ் இப்போதைக்கு வேண்டாம், அதைப் பராமரிக்கவே ஓர் ஆள் வேண்டியிருக்கும். ஹப்ஸ்பாட்டின் பலம் மின்னஞ்சல். நம் வாடிக்கையாளர் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து நாள் முழுக்கப் போன் போடும் குழுவுக்கு ஃப்ரெஷ்சேல்ஸ் நல்லது. உங்கள் ஆட்கள் பைக்கில் சுற்றுகிறவர்கள். ஸோஹோ சிஆர்எம் மூன்று பேர் வரைதான் இலவசம், நீங்கள் ஆறு பேர். அதே ஸோஹோ சின்ன கடைகளுக்கென்று 2020இல் கொண்டுவந்த பிகின் என்ற சிஆர்எம்மை முதலில் பாருங்கள். எதை எடுத்தாலும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது; நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் கையிலிருந்து முதலில் போகும்.

சோதனைக் காலத்தில் நீங்கள் ஆபீசில் உட்கார்ந்து அடித்துப் பார்க்காதீர்கள். போனில் எழுதவே சோம்பும் ஆளிடம் கொடுங்கள். கூரையைப் பார்த்து இறங்கியவர், பைக்கைக் கிளப்பும் முன் பதிவு செய்ய முடிகிறதா? கேட்பது ஐந்தே விஷயம் இருக்கட்டும்: பெயர், ஊர், இரண்டு மாத ஈபி பில் எவ்வளவு, கூரை காங்கிரீட்டா ஓடா தகரமா, அடுத்து எப்போது கூப்பிடுவது. கடைசியை நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி வையுங்கள்.

உங்கள் இரண்டு கொட்டேஷன் சிக்கலுக்குப் போன் நம்பர் உதவாது. கணவர் ஒரு நம்பரில் விசாரிப்பார், மனைவி வேறு நம்பரில், வெளிநாட்டிலிருந்து மகன் இன்னொரு நம்பரில். பில் கைக்கு வந்ததும் மின் இணைப்பு எண்ணை ஏற்றுங்கள், இரண்டு முறை வந்தால் ஏற்காதபடி. எப்படியும் போர்ட்டலில் அந்த எண் வேண்டும். எண் ஏறாமல் கொட்டேஷன் கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஒரு சிஆர்எம் நிறுவனத்தின் சேவையை விட்டு வெளியேறியபோது எனக்குத் திரும்பக் கிடைத்தது பெயரும் நம்பரும்தான். யார் என்ன பேசினார்கள் என்ற குறிப்பு எதுவும் வரவில்லை. கொஞ்சம் பதிவுகளைப் போட்டு, குறிப்புகளும் சேர்ந்து வெளியே வருகிறதா என்று பணம் கட்டும் முன் இறக்கிப் பாருங்கள்.

கோவை டெலிகாலர்:
அவரவர் வாட்ஸ்அப்பை முதலில் நிறுத்துங்கள். ஆள் வேலையை விட்டால் பேச்சும் கூடவே போய்விடும். கம்பெனி நம்பரை ஏபிஐ (இரண்டு மென்பொருளைப் பேசவைக்கும் இணைப்பு) வழியாக சிஆர்எம்மில் இணைக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டினால், வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா முன்பே ஒப்புதல் தந்த டெம்ப்ளேட் (மாதிரிச்) செய்திதான் போகும். "கொட்டேஷன் பாத்தீங்களா?" என்று நினைத்தபோது கேட்க முடியாது. டெம்ப்ளேட்டைத் தமிழிலேயே எழுதி ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

பொள்ளாச்சி சோலார்:
நன்றி அண்ணா, தம்பிதான் நான். இணைப்பு எண் யோசனை பிடித்தது, பழைய பில் போட்டோக்களைப் பார்த்து அக்கா நிரப்ப ஆரம்பித்துவிட்டார். பிகினை சோதனைக்கு எடுக்கிறேன். இரண்டாவது பைப்லைனை நகர்த்துவது யார், விற்பனை ஆளா, பொருத்தும் ஆளா?

ஈரோடு பேட்டரி கடை:
அக்காதான். "மானியம் ஏன் இன்னும் வரல?" என்ற போன் ஆபீசுக்குத்தானே வரும். பொருத்தும் ஆளிடம் கூரை போட்டோவும் இன்வெர்ட்டர் சீரியல் நம்பரும் மட்டும் கேளுங்கள், அதற்கு மேல் அவர் தரமாட்டார்.