சோஷல் சேர்விஸ் மேல கொம்ப்ளெயின்ட் போட ஒரு வருசம் தாண்டினா அவ்வளவுதானோ?

மூண்டுபிள்ளை_அம்மா:
வணக்கம், நாங்கள் லண்டன்ல, கவுன்சில் பேர் வேண்டாம். 16 மாசத்துக்கு முன்னம் பள்ளிக்கூடம் ரெஃபர் பண்ணி சோஷல் வேர்க்கர் வீட்டை வந்தவா, பேந்து கொன்ஃபரன்ஸ் வைச்சு பிள்ளையளை சைல்ட் புரொடெக்‌ஷன் பிளான்ல (பிள்ளையளைக் கவுன்சில் கண்காணிக்கிற திட்டம்) போட்டு ஒன்பது மாசத்தால எடுத்தவை. எங்கட ஃபைலை கேட்டு எடுத்தனான், மூண்டு கிழமைக்கு முன்னம்தான் வந்தது. அதில "மகனைக் கொல்லுவன் எண்டு தாய் ஒத்துக்கொண்டா" எண்டு கிடக்கு!! நான் சொன்னது "சொல்வழி கேக்காட்டி கொண்டு போடுவன் எண்டு பேசுறனான்" எண்டு, எங்கட வீடுகளில ஆர் சொல்லாதது? இன்டர்பிரெட்டர் ஃபோன்ல, ஸ்பீக்கர் போட்டு மேசையில வைச்சவை, பாதி விளங்கேல்லை, நான் அந்த ஃபோனைப் பாத்து ஓம் ஓம் எண்டு தலையாட்டினனான். இப்ப எழுதிக் கேட்டா 12 மாசம் முடிஞ்சுது, எடுக்க ஏலாது எண்டு கடிதம். நித்திரை இல்லை. ஏதும் வழி இருக்கோ?

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
தங்கச்சி, அந்தக் கடிதத்தோட விட்டிடாதேங்கோ. சில்ட்ரன் அக்ட் 1989க்குக் கீழ வாற கொம்ப்ளெயின்ட்டுக்கு 2006 ரெகுலேஷன்ல ஒரு வருசம் எண்டு இருக்கிறது உண்மைதான், ஆனா அதிலயே இன்னொண்டும் இருக்கு, முந்திப் போட ஏலாததுக்கு நியாயமான காரணம் இருந்து இப்பவும் ஒழுங்கா விசாரிக்கக்கூடியதா இருந்தா கவுன்சில் எடுக்கலாம். ஆனபடியா கொம்ப்ளெயின்ட்ஸ் மனேஜருக்கு திருப்பி எழுதுங்கோ, "ஃபைல் இன்ன திகதிதான் கையில கிடைச்சுது, அதுக்கு முன்னம் இந்த வசனம் எனக்குத் தெரியாது" எண்டு முதல் வரியிலயே போடுங்கோ. இன்னொண்டு, செக்‌ஷன் 17 உதவி (தேவையுள்ள பிள்ளையளுக்கு கவுன்சில் செய்யிறது) சம்பந்தமான கொம்ப்ளெயின்ட் மூண்டு ஸ்டேஜ் முறையில போகும், முதல் ஸ்டேஜுக்கு 10 வேலைநாள், கூடினா 20. செக்‌ஷன் 47 விசாரணை (பிள்ளைக்கு ஆபத்தோ எண்டு பாக்கிறது) பற்றினது பொதுவா கவுன்சிலின்ர சாதாரண கொம்ப்ளெயின்ட் முறைக்குள்ள வரும், அதால எதில எடுக்கினம் எண்டு எழுத்தில கேளுங்கோ.

வெம்பிளி_பெடியன்:
அக்கா சொன்னதோட ஒண்டு சேக்கிறன். கவுன்சில் திரும்பவும் மாட்டன் எண்டா அந்தக் கடிதத்தோட ஒம்புட்ஸ்மனிட்ட (கவுன்சில் மேல வாற கொம்ப்ளெயின்ட்டை வெளியில இருந்து விசாரிக்கிறவை) போகலாம், காசு இல்லை. அங்கயும் 12 மாசம்தான், ஆனா நடந்த நாளில இருந்து இல்லை, உங்களுக்குத் தெரியவந்த நாளில இருந்து எண்ணுவினம், பிந்தினாலும் நல்ல காரணம் இருந்தா எடுக்க அவைக்கு அதிகாரம் இருக்கு. கோர்ட்டில நடந்ததை மட்டும் தொட மாட்டினம். கோர்ட் கேஸ் ஏதும் இருந்ததோ?

மூண்டுபிள்ளை_அம்மா:
இல்லை தம்பி, கோர்ட் வரைக்கும் போகேல்லை. எனக்கு காசும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், அந்த வசனம் அழிஞ்சாப் போதும். நாளைக்கு என்ர பிள்ளை வளந்து ஃபைலைக் கேட்டு வாசிச்சா என்ன நினைப்பான்?

நெல்லியடியான்:
அக்கா, அப்பிடியெண்டா கொம்ப்ளெயின்ட்டோட சேத்து வேற ஒரு கடிதமும் போடுங்கோ. பிழையான தகவலைத் திருத்தச் சொல்லிக் கேக்க டேட்டா புரொடெக்‌ஷன் சட்டத்தில உரிமை இருக்கு, அதுக்கு இந்த ஒரு வருசக் கணக்கே இல்லை, ஒரு மாசத்துக்குள்ள பதில் தரவேணும். முழுக்க அழிக்க மாட்டினம் எண்டுதான் நினைக்கிறன், என்ர மனிசிக்கும் அழிக்கேல்லை, ஆனா அவா சொன்னதை தமிழிலயும் இங்கிலிஷிலயும் எழுதி அந்தப் பக்கத்தோடயே சேத்தவை. மறுத்தா ஐசிஓவுக்கு (இந்த டேட்டா சட்டத்தைக் கவனிக்கிற அமைப்பு) எழுதலாம். எழுத உதவி வேணுமெண்டா ஃபேமிலி ரைட்ஸ் குரூப்புக்கு (சோஷல் சேர்விஸ் பிரச்சினையில குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லுற சரிட்டி) அடியுங்கோ, இலவசம்.

மூண்டுபிள்ளை_அம்மா:
கோடி நன்றி எல்லாருக்கும். ஃபைல் வந்த கவரை எறியேல்லை, முத்திரையில திகதி வடிவா இருக்கு. இன்டர்பிரெட்டர் கொம்பனிக்கும் தனியா எழுதவேணுமோ?

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
தேவையில்லை தங்கச்சி, அவையைக் கூப்பிட்டது கவுன்சில்தானே, பொறுப்பும் அவைக்குத்தான். கவரை ஃபோட்டோ எடுத்து கடிதத்தோட வையுங்கோ, ஒறிஜினலைக் குடுத்திடாதேங்கோ.