செம்பனை ஆலைக் குளத்தில் இன்சுலின் தயாரிக்க முடியாதா?

அறிவியல் ஆசிரியை, சுங்கை சிப்புட்:
அனைவருக்கும் வணக்கம். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கிறேன். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டியிடம் வளரும் மாணவி ஒருத்தி, "இன்சுலினைப் பாக்டீரியாதான் செய்கிறது என்றால், நம் ஆலைக் கழிவுநீர்க் குளத்திலும் பாக்டீரியா இருக்கிறதே, டீச்சர்?" என்று கேட்டாள். தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி இது. துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நொதித்தல் பொறியாளர்:
வணக்கம், டீச்சர். குளத்தில் இருப்பது பலவகை நுண்ணுயிர்களின் கலவை. இன்சுலினுக்கு வேண்டியதோ மனித மரபணு ஏற்றப்பட்ட ஒரே ஓர் இனம். 1978இல் ஈ.கோலை பாக்டீரியாவில் அது செய்து காட்டப்பட்டு, 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணுவை ஏற்றிய பிறகே பெரிய வேலை தொடங்குகிறது. பாக்டீரியாவை வளர்க்கும் கலனையும் குழாய்களையும் நீராவியால் கிருமி நீக்காவிட்டால், வேகமாகப் பெருகும் வேறொரு பாக்டீரியா உள்ளே புகுந்து முழுத் தொகுதியையும் கெடுத்துவிடும். சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டினால் ஈ.கோலை அசெட்டிக் அமிலத்தைச் சுரந்து தன் வளர்ச்சியைத் தானே முடக்கிக்கொள்ளும் என்பதால், அதைச் சிறிது சிறிதாகவே ஊட்ட வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது ஆக்சிஜன்: ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான் கரையும், அடர்ந்து வளர்ந்த பாக்டீரியா அதைச் சில நொடிகளில் தீர்த்துவிடுவதால், காற்றை இடைவிடாமல் செலுத்திக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

மருந்தாளர், ஈப்போ:
இவர் கூறியதோடு தூய்மையையும் சேர்க்க வேண்டும். ஈ.கோலைக்குள் இன்சுலின் என்ற இந்தப் புரதம் பெரும்பாலும் சுருண்ட கட்டிகளாகவே கிடைக்கும். உயிரணுவை உடைத்து, கட்டியைக் கரைத்து, மூன்று கந்தகப் பிணைப்புகளும் உரிய இடத்தில் அமையும்படி மீண்டும் மடித்தால்தான் அது மருந்தாகும். பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சு எஞ்சினால் ஊசி போட்டவருக்குக் காய்ச்சல் கண்டுவிடும். ஈஸ்டைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு இதில் சற்று எளிது. ஈஸ்ட் புரதத்தை வெளியே சுரந்துவிடும்.

ஆலை ஆய்வக ஊழியர்:
அதற்காகக் குளத்தைப் பயனற்றதென்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள், டீச்சர். ஆலையிலிருந்து வரும்போது கழிவுநீர் கொதிக்கக் கொதிக்கப் பழுப்பாகவும் புளிப்பாகவும் இருக்கும். அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவுக்குக்கூட இருக்கும். ஆக்சிஜனில்லாத குளத்தில் நுண்ணுயிர்க் கூட்டம் அதைச் சிதைத்து மீத்தேன் ஆக்குகிறது. குளத்தை மூடி அந்த வாயுவைச் சேகரிக்கும் ஆலைகள் அதை எரித்து மின்சாரம் எடுக்கின்றன. இங்கே கிருமி நீக்கமும் வேண்டாம், தூய இனமும் வேண்டாம், கலவைதான் பலம். கழிவுநீர் பாதி சிதைந்த நிலையில் உண்டாகும் கொழுப்பு அமிலங்களைத் தின்று, தன் உலர் எடையில் 80 விழுக்காடு வரை மக்கும் பிளாஸ்டிக்கைச் சேமிக்கக்கூடிய குப்ரியாவிடஸ் நெக்கேட்டர் என்ற பாக்டீரியாவும் உண்டு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் செம்பனை எண்ணெயையே அதற்கு உணவாகக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த பிளாஸ்டிக்கை உயிரணுவிலிருந்து பிரித்தெடுக்கும் செலவுதான் இன்னும் விலையை ஏற்றிவைத்திருக்கிறது.