கைவினை மாண்டலின் செய்விக்க விரும்புகிறேன்: எந்த மரங்களைத் தேர்வது?

கொக்குவிலூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொழிற்சாலையில் ஒட்டுப்பலகை கொண்டு செய்யப்பட்ட மாண்டலின் ஒன்றையே நான் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இப்போது கனடாவில் உள்ள கைவினைஞர் ஒருவரிடம், முழு மரத்தில் செதுக்கிய எட்டுத் தந்தி மாண்டலின் ஒன்றைச் செய்விக்க எண்ணியுள்ளேன். அவர் அனுப்பிய விண்ணப்பத்தில் மேற்பலகைக்குச் சிட்கா ஸ்புரூஸ், எங்கல்மன் ஸ்புரூஸ், சிவப்பு ஸ்புரூஸ், செடார் என நான்கு மரங்களும், பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் மேப்பிள், மகோகனி, வால்நட் என மூன்று மரங்களும் தரப்பட்டுள்ளன. உடல் ஏ வடிவமா (துளிபோல் எளிமையானது) எஃப் வடிவமா (சுருளும் கூர்முனைகளும் உடையது), ஒலித்துளை நீள்வட்டமா எஃப் எழுத்துப் போன்ற துளையா என்பதையும் நானே சொல்ல வேண்டுமாம்.

நான் வாசிப்பது பெரும்பாலும் மெல்லிசையும் பழைய திரைப்பாடல்களும், இடையிடையே சில கீர்த்தனைகளும். வீட்டிலும் சிறிய கூட்டங்களிலும் ஒலிவாங்கி இல்லாமல் வாசிப்பதால், கூர்மையான ஒலியைவிட நின்று ஒலிக்கும் இனிமையான ஒலியையே விரும்புகிறேன்.

கேட்க வேண்டியவை இரண்டு உள்ளன. எங்கள் வளவில் நின்ற பலா மரம் காற்றுக்குச் சாய்ந்தபோது அதை மரக்காலையில் அரிந்து, பலகைகளை விறாந்தையில் அடுக்கி வைத்திருக்கிறோம். பழைய வீட்டு யன்னல் நிலையின் முதிரைத் துண்டொன்றும் இருக்கிறது. இவற்றைக் கைவினைஞருக்கு அனுப்பிப் பின்பலகைக்குப் பயன்படுத்தச் சொல்லலாமா? அடுத்தது, மாரி தொடங்கியதும் என் கருவியின் தந்திகள் விரற்பலகையிலிருந்து உயர்ந்து அழுத்தக் கடினமாகின்றன. கோடையில் இறங்கி, விரற்பலகையின் குறுக்கே பதித்த மெட்டுகளில் உரசுகின்றன. குளிர்நாட்டில் செய்யப்படும் கருவி யாழ்ப்பாணத்தின் இந்தக் காலநிலையைத் தாங்குமா?

இணுவில் தச்சுப்பட்டறை எழுதியது:

நான் தவில் கட்டைகளும் வீணைக் குடங்களும் திருத்துகிறவன். மாண்டலின் செய்ததில்லை, ஆகவே மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதிரையை விட்டுவிடுங்கள். அது அழகான மரம், உறுதியான மரம், நிலைக்கும் கதவுக்கும் அதைப்போல வேறொன்றில்லை. ஆனால் ஒரு கனமீற்றர் முதிரை 950 கிலோகிராம் அளவுக்கு நிறை கொண்டது. மேப்பிள் வகையைப் பொறுத்து 550 முதல் 700 வரையில்தான் நிற்கும். கைக்குள் அடங்கும் சிறிய கருவிக்கு அவ்வளவு கனமான பின்பலகை எதற்கு? மேலும் முதிரையின் இழைகள் ஒரு வளையத்துக்கு ஒரு பக்கமாகவும் அடுத்த வளையத்துக்கு மறுபக்கமாகவும் சாய்ந்து ஓடுகின்றன. வெளிச்சத்தில் பட்டுப்போல மின்னும் அந்தப் பளபளப்புக்கு அதுவே காரணம். சீவுளி எந்தப் பக்கமாகப் போனாலும் எங்கோ ஓரிடத்தில் சிராய் பெயர்வதற்கும் அதுவே காரணம். அதன் தூள் சிலருடைய தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும் என்பதால், பழக்கமில்லாத ஒருவரிடம் அதைக் கொடுப்பது முறையுமல்ல.

பலா வேறு கதை. வைரம் பாய்ந்த பலா ஏறத்தாழ 600 முதல் 650 கிலோகிராம் வரை நிறை கொண்டது. அதாவது மேப்பிளின் வரம்புக்குள்ளேயே வருகிறது. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் அதையே தேர்ந்தார்கள் என்றால், கிடைத்ததால் மட்டும் அல்ல. குடைந்தெடுக்க இணங்கும், கறையான் எளிதில் அண்டாது, நன்றாக ஒலிக்கும். ஆனால் அந்தக் கருவிகளில் மரம் தடிப்பாக நிற்கிறது. உங்கள் மாண்டலினின் பின்பலகை ஓரத்தில் 3 மில்லிமீற்றர் அளவுக்கு மெலிந்து போகும். ஆகவே எந்தப் பலகை என்பதுதான் கேள்வி. வைரத்துக்கு வெளியே உள்ள இளமரமான வெளிறு முழுவதையும் நீக்குங்கள். துளைக்கும் பூச்சி அங்குதான் இறங்கும். பிறகு பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளைய ரேகைகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா, அல்லது வில்லாக வளைந்து கிடக்கின்றனவா? செங்குத்தாக நிற்கும் பலகை ஈரத்துக்குக் குறைவாகவே அசையும். வில்லாகக் கிடப்பது கிண்ணம்போல் குழியும். மரக்காலையில் சாதாரணமாக அரிந்த கட்டையில் நடுவை அடுத்த ஒன்றிரண்டு பலகைகள்தான் அப்படி அமையும்.

ரொறன்ரோ எட்டுத்தந்தி எழுதியது:

ஐயா பின்பலகையைப் பற்றி அழகாக எழுதிவிட்டார். ஆனால் உங்கள் பணமும் சிந்தனையும் முதலில் போக வேண்டிய இடம் மேற்பலகை என்பது என் உறுதியான கருத்து. தந்திகளின் அதிர்வு, அவற்றைத் தாங்கி நிற்கும் குதிரை வழியாக இறங்குவது அதில்தான். எட்டுத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் ஏறத்தாழ 80 கிலோகிராம் விசையின் அழுத்தத்தைத் தாங்குவதும் அதுதான். பின்பலகை ஒலியின் நிறத்தை மாற்றும்; மேற்பலகைதான் ஒலியையே உண்டாக்குகிறது.

சிவப்பு ஸ்புரூஸ் விறைப்பானது. அழுத்தி வாசித்தாலும் ஒலி கலங்காது, ஆனால் மெதுவாகத் தொட்டால் முழுமையாகத் திறக்காது. 1920களில் அமெரிக்காவின் கிப்சன் இசைக்கருவி நிறுவனத்தில் லாயிட் லோரின் மேற்பார்வையில் வந்த எஃப்-5 கருவிகளின் புகழால் இன்று எல்லோரும் விறைப்பான பலகையும் எஃப் துளையுமே கேட்கிறார்கள். அந்தக் கருவி மண்டபத்தின் கடைசி வரிசைவரை ஒலியைத் தள்ளுவதற்காக எண்ணப்பட்டது. நீங்கள் கேட்பது அதுவல்ல. 1922 இல் எஃப்-5 வருவதற்கு முன் கிப்சன் மாண்டலின்கள் வட்ட அல்லது நீள்வட்டத் துளையுடனேயே வந்தன. அவற்றின் ஒலி உருண்டையாகவும், அடித்தந்திகளில் நிறைவாகவும், நீண்டு நிற்பதாகவும் இருக்கும். எங்கல்மன் மேற்பலகையும் நீள்வட்டத் துளையும் உங்கள் வாசிப்புக்கு ஏற்றவை. செடார் இன்னும் இளகிய ஒலி தரும், ஈரத்துக்கும் குறைவாகவே அசையும். ஆனால் நகம் பட்டாலும் தடம் விழும் அளவுக்கு மென்மையானது.

எஃப் வடிவத்தின் சுருளும் கூர்முனைகளும் ஒலிக்கு எதையும் சேர்ப்பதில்லை. செதுக்கும் உழைப்புக்காகவே விலை மிகவும் கூடுகிறது. ஏ வடிவத்தைக் கேட்டு, மிஞ்சும் பணத்தை நல்ல மேற்பலகைக்குக் கொடுங்கள்.

மேற்பலகையின் படத்தை அனுப்பச் சொல்லி ஒன்றை உற்றுப் பாருங்கள். ஒரே கட்டையைப் பிளந்து புத்தகம்போல் விரித்து நடுவில் ஒட்டிய அந்த இரு பாதிகளில், ஒன்று இருண்டும் மற்றது வெளிறியும் தெரிந்து, பலகையைத் தலைகீழாகத் திருப்பியதும் அந்த நிறங்கள் இடம் மாறினால், இழை பலகையின் முகத்தோடு சமாந்தரமாக ஓடாமல் வெளியேறுகிறது என்று பொருள். அத்தகைய பலகை விறைப்பு குறைந்தது. இரு பாதிகளும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நிறமாக இருந்து, ரேகைகளுக்குக் குறுக்கே மெல்லிய பட்டுக்கோடுகள் மின்னினால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

காலநிலையைப் பற்றி: இங்குள்ள பட்டறைகள் காற்றின் ஈரப்பதனை 45 வீதம் அளவில் வைத்திருக்கும், அதில் மரத்தினுள் 8 அல்லது 9 வீதம் ஈரம் நிற்கும். யாழ்ப்பாணத்தில் காற்று 80 வீதத்தில் நிலைத்தால் மரத்தின் ஈரம் 16 வீதத்தை எட்டும். அப்போது 25 சென்ரிமீற்றர் அகலமான ஸ்புரூஸ் பலகை 2 மில்லிமீற்றருக்கு மேல் விரிய முயலும். பக்கங்கள் அதை இறுகப் பிடித்திருப்பதால் வேறு வழியின்றி மேல்நோக்கி எழும்பும். ஒட்டுப்பலகையான உங்கள் கருவியில் தந்திகள் மாரியில் உயர்வதற்கும் ஈரமே காரணமாகலாம்; முழு மரத்தில் அந்த அசைவு இன்னும் கூடும். இதைக் கைவினைஞரிடம் எழுத்தில் சொல்லுங்கள். குதிரையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள், கழுத்தினுள் சரிசெய்யக்கூடிய இரும்புக்கோல், முடிந்தால் வெப்பத்தில் பதப்படுத்திய மேற்பலகை ஆகிய மூன்றையும் கேளுங்கள். பதப்படுத்திய பலகை காற்றிலிருந்து குறைவாகவே ஈரம் உறிஞ்சும். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப்பசை ஒலிக்கு நல்லது என்பார்கள். ஆனால் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கருவியை ஒருமுறை மறந்து வைத்தால் அந்தப் பசை இளகிவிடும்.

வேறு விண்ணப்பத்தில் ரோஸ்வுட் கண்டு ஆசை வந்தால்: 2017 சனவரி முதல் அந்த மரப் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 மாநாட்டில், பெரும்பாலான வகைகளில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்த மாநாடு கொழும்பில் நடக்கவிருந்து, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களால் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது என்பது நம்மவர் நினைவில் இருக்கும். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை.

மருதனார்மடம் இசை ஆசிரியை எழுதியது:

மரத்தைப் பற்றிய விளக்கங்கள் சிறப்பாக உள்ளன. ஆயினும் கீர்த்தனை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லை எவரும் கவனிக்கவில்லை. சுரத்தை அசைத்தும் வளைத்தும் இசைக்கும் கமகம் வாசிக்கத் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இரட்டைத் தந்திகளை அப்படி இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் உயர்வதில்லை; சுருதி பிளந்து கேட்கும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகள் கொண்ட, திண்ணிய உடலுடைய மின் மாண்டலினை எடுத்துக்கொண்டதற்கும், பின்னர் கீழ்ச்சுரங்களுக்காக ஐந்தாம் தந்தியைச் சேர்த்துக்கொண்டதற்கும் இசையின் தேவையே காரணம். அத்தகைய கருவியில் ஒலி மின்காந்தச் சுருள் வழியாக வருவதால், ஸ்புரூஸா செடாரா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

எட்டுத் தந்திதான் வேண்டுமென்றால் கைவினைஞரிடம் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். மெட்டுகள் சற்று உயரமாகவும் அகலமாகவும் இருக்கட்டும்; கழுத்து வழக்கத்தைவிடச் சிறிது அகலமாக இருக்கட்டும்; மேற்பலகையை மெல்லிய தந்திகளுக்கென்றே செதுக்கட்டும். தடித்த தந்திக்குச் செதுக்கிய பலகையில் பிறகு மெல்லிய தந்தி போட்டால் பலகை நன்றாக அதிராது. கமகம் மிகுந்த தோடி இராகத்தை நீங்கள் அந்தக் கருவியில் தேடாதீர்கள். மோகனம், அம்சத்வனி போன்றவற்றில் அது உங்களுக்கு மிகுந்த நிறைவைத் தரும்.

கொக்குவிலூரான் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் இரட்டைத் தந்தியின் நடுக்கமும் நிறைவுமே என்னை இந்தக் கருவிக்கு இழுத்தவை என்பதால் எட்டுத் தந்தியிலேயே நிற்கிறேன். ஏ வடிவம், நீள்வட்டத் துளை, எங்கல்மன் மேற்பலகை, மெல்லிய தந்திகள் என்று எழுதிவிடுகிறேன். பின்பலகைக்குப் பலாவை ஏற்பதாகக் கைவினைஞரும் ஆர்வத்தோடு பதில் எழுதியிருக்கிறார். ஆனால் காய்ந்த பலகை மட்டுமே வேண்டும் என்கிறார். ஐயா, விறாந்தையில் கிடக்கும் பலகை காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

இணுவில் தச்சுப்பட்டறை எழுதியது:

பலகையின் நுனியில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எறியுங்கள். நுனி எப்போதும் முன்னதாகக் காய்ந்து பொய் சொல்லும். அதற்கடுத்து உள்ளங்கை அகலத் துண்டொன்றை வெட்டி, நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசில் நிறுத்து, எடையை அந்தத் துண்டிலேயே பென்சிலால் எழுதுங்கள். அதைப் பலகைகளோடு சேர்த்தே வைத்து, வாரம் ஒருமுறை நிறுத்து வாருங்கள். எடை குறைந்துகொண்டே போனால் பலகைக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. வெட்டிய நாளிலிருந்தே சில வாரங்கள் மாறாமல் நின்றால், நம்முடைய காற்றில் அது எவ்வளவு காயுமோ அவ்வளவு காய்ந்துவிட்டது. இதை மாரியில் செய்யாமல், சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் செய்யுங்கள்.

அதுவும் கனடாவுக்குப் போதாது. தேவைக்கு மேல் தடிப்பாக, 25 மில்லிமீற்றருக்குக் குறையாமல் விட்டு, இரு நுனிகளிலும் மெழுகு பூசி அனுப்புங்கள்; அவருடைய பட்டறையில் அடுக்கிக் கிடந்து மேலும் காயும்போது வெடிக்காமல் இருக்க அது உதவும். வளவு மரமானாலும், பலகையை நாட்டுக்கு வெளியே அனுப்ப என்ன அனுமதிகள் வேண்டும் என்பதை வனப் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்னதாகவே கேட்டு, கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.