வீட்டு வண்டியில் மலைக்காட்டுப் பயணம்: வழியில் எதிர்ப்பட்ட உயிர்கள் (மூன்று ஊர் வாசகர்களின் அனுபவப் பகிர்வு)

மஞ்சக்குப்பம், கடலூர்

ஜூன் மாதத்தில் மகன் குடும்பத்தோடு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காக்களில் ஒன்பது நாள் சுற்றிவிட்டு வந்தோம். தங்கியது ஓட்டலில் இல்லை. ஆர்.வி. என்று அங்கே சொல்லும் வீட்டு வண்டியில். நம் ஊரில் கேரவன் என்பார்கள். 25 அடி நீளம். படுக்கை, கேஸ் அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே. கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்வது, மின் இணைப்புக் கொடுப்பது எல்லாம் மகன் பார்த்துக்கொண்டான். நான் எழுத வந்தது ஒரு காட்டெருமையைப் பற்றி.

பைசன் என்கிற அமெரிக்கக் காட்டெருமை. யெல்லோஸ்டோனில் உள்ள ஹேடன் பள்ளத்தாக்கு வழியாகக் காலை ஏழு மணிக்குப் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் புல்வெளி, நடுவே ஆறு, ஆற்றின் மேல் பனிமூட்டம். முன்னால் போன வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. விபத்தோ என்று நினைத்தேன். மகன் என்ஜினை அணைத்துவிட்டு, "அம்மா, ஜன்னல் பக்கம் வாங்க, சத்தம் போடாதீங்க" என்றான்.

சாலை முழுவதும் காட்டெருமைகள். முப்பதுக்குக் குறையாது. எந்த அவசரமும் இல்லாமல் தார்ச்சாலையிலேயே நடந்து வந்தன. ஒரு பெரிய கிடா எங்கள் வண்டியை ஒட்டியே வந்தது. அதன் திமில் ஜன்னலின் கீழ் விளிம்பு வரை இருந்தது. குளிர்கால ரோமம் பாதி உதிர்ந்து, மீதி பழைய கம்பளிக் கிழிசல் போலத் தோளில் தொங்கியது. மூக்கில் ஈரம் மினுங்கியது. மூச்சு விட்டபோது கண்ணாடியில் ஆவி படிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்டவில்லை. பெரிய கிடா ஒன்று 900 கிலோ வரை இருக்கும், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன்.

பின்னாலேயே தாய்மாரோடு கன்றுகள். எல்லாம் செவலைக் கன்றுகள்! வளர்ந்தவை கரும்பழுப்பாக இருக்கின்றன, கன்றுகளோ நம் ஊர்ச் செவலை மாட்டின் நிறம். இரண்டு மூன்று மாதத்தில்தான் நிறம் மாறுமாம். சிறு வயதில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒரு செவலைக் கன்று இருந்தது. அதே துள்ளல், அதே வால் சுழற்றல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது நிமிடம் அங்கேயே நின்றோம். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

காட்டெருமை, எல்க் மான் போன்றவற்றிடமிருந்து குறைந்தது 23 மீட்டர், கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது அந்தப் பூங்காவின் விதி. அன்று மாலை முகாமில் பேத்தி அந்த 23 மீட்டரைக் காலால் அளந்தாள். ஏழு வயது, அவள் கணக்கில் 46 காலடி. முடிந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து, "ஆயா, இதற்கு இந்தப் பக்கம் நீங்கள் வரவே கூடாது" என்றாள். மறுநாள் ஒருவர் செல்போனோடு காட்டெருமையை நோக்கி நடந்தபோது அந்தக் குழந்தைதான் முதலில் பதறியது. நல்ல வேளை, வனக்காவலர் அவரைத் திருப்பி அழைத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பூங்காவின் பிஷ்ஷிங் பிரிட்ஜ் முகாமில் கூடாரம் போட அனுமதி இல்லை. கரடி நடமாடும் இடம் என்பதால் சுவர் கெட்டியான வண்டிகளுக்கு மட்டுமே இடம். அங்கே இரவுச் சமையல் முடித்து, வீட்டுத் திண்ணையில் வைக்கிற பழக்கத்தில் கழுவிய சட்டியை வெளி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். வனக்காவலராக இருந்த ஓர் இளம்பெண் வந்து கதவைத் தட்டினாள். சட்டி மட்டுமல்ல, எண்ணெய்ப் புட்டி, பற்பசை வரை எதுவும் வெளியே கிடக்கக் கூடாதாம். ஒருமுறை மனிதர் உணவை ருசித்த கரடி திரும்பத் திரும்ப முகாமுக்கு வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டியதாகிவிடும் என்றாள். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்று நாம் சொல்வதுதான். ஆனால் அங்கே தாவுகிற கரடியின் உயிரே போய்விடுகிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு சட்டியால் ஓர் உயிர் போயிருக்குமே என்று மனம் அடித்துக்கொண்டது.

போகிறவர்கள் குக்கர் எடுத்துப் போங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பானையில் வைத்த பொன்னி அரிசி வழக்கமான நேரம் ஆன பிறகும் நடுவில் விரை விரையாகவே நிற்கிறது. கடற்கரை ஊர்க்காரர்களான நமக்கு முதல் இரண்டு நாள் தலைவலியும் இருக்கலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அம்மா எழுதியதைப் படித்ததும் என் ஆகஸ்ட் மாதப் பயணம் நினைவுக்கு வந்தது. நாங்கள் போனது மொன்டானாவில் உள்ள கிளேசியர் பூங்காவுக்கு. வீட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். மலையைக் குறுக்கே கடக்கும் 'கோயிங் டு தி சன்' சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை விடுவதில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுப் பூங்காவின் பஸ்ஸில் லோகன் கணவாய்க்கு ஏறினோம். உயரம் 2,026 மீட்டர். வண்டியை விட்டுவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று; ஓட்டுநராக இருந்திருந்தால் என் கண் சாலையை விட்டு அகன்றிருக்காது.

அங்கே வெள்ளை மலையாடுகள். குட்டியோடு ஒரு தாய், வாகன நிறுத்தத்துக்குள்ளேயே வந்து தரையை நக்கிக்கொண்டிருந்தது. கார்களிலிருந்து ஒழுகும் ரேடியேட்டர் திரவத்தின் ருசிக்காக வருகின்றன என்று வனக்காவலர் சொன்னார். அது ஆடுகளுக்கு விஷம். அவற்றை ஓட்டிவிட ஆடு மேய்க்கும் இனத்து நாய் ஒன்றையே பழக்கி வைத்திருந்தார்களாம். பனி போல் வெள்ளையான அந்தக் குட்டி கருப்புத் தாரை நக்கிய காட்சி இன்னும் என்னை உறுத்துகிறது. போவதற்கு முன்னால் உங்கள் வண்டியில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பண்ருட்டி

நான் வெளிநாடு போனதில்லை. நண்பர்கள் சேர்ந்து வேனில் பாய், தலையணை, ஸ்டவ் எல்லாம் ஏற்றிக்கொண்டு முதுமலைக்குப் போனோம். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி போகும் சாலையில் யானைக் கூட்டம் குறுக்கே கடந்தது. எங்கள் ஓட்டுநர் அண்ணன் என்ஜினை நிறுத்தி, "ஒருத்தரும் வாய் திறக்காதீங்க" என்றார். பின்னால் வந்த கார்க்காரர் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்துவிட்டார். கடைசியாகப் போன தாய் யானை நின்று திரும்பியது. குட்டியைக் காலுக்கிடையே தள்ளிக்கொண்டு காதுகளை விரித்தது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணன் ஸ்டியரிங்கில் வைத்த கையைக்கூட எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மண்ணை வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டது. அதன் பிறகு ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்வரை வண்டியில் ஒருவரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம், கடலூர்

பண்ருட்டித் தம்பி, உங்கள் யானையைப் பற்றி நேற்றிரவு பேத்தியிடம் போனில் சொன்னேன். "வேனுக்கும் யானைக்கும் நடுவில் எத்தனை காலடி ஆயா?" என்று கேட்கிறாள். நினைவிருந்தால் எழுதுங்கள், காத்துக்கொண்டிருக்கிறாள்.